அடுப்பும் ஆறிலொன்றும்

வீட்டு அடுப்பில் எரியும் எரிவாயுவுக்கு அரசு வரி வாங்குவது அறமா, அறம் என்றால் எந்த அளவு வரை அறம் என்று ஆராய ஜவ்வாது மலை பொருத்தமான இடம். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இந்த மலையிலும் அதன் அடிவாரத்திலும் மூன்று வகை எரிபொருள் அடுத்தடுத்துப் புழங்குகின்றன. ஒன்று, வரியே இல்லாத விறகு. இரண்டாவது, ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. உள்ள சமையல் எரிவாயு சிலிண்டர். மூன்றாவது, சமவெளி நகரங்களில் குழாய் வழியே வரத் தொடங்கியிருக்கும், இன்னும் ஜி.எஸ்.டி.க்குள் வராத இயற்கை எரிவாயு. ஒரே சோற்றை வேகவைக்கும் மூன்று நெருப்பை அரசு மூன்று விதமாக நடத்துகிறது.

மலை வீடுகளைப் பொறுத்தவரை எரிவாயு என்றால் சிலிண்டர்தான். 14.2 கிலோ எரிவாயு அடைத்த சிலிண்டரின் விலை சவூதி அரேபியாவின் அராம்கோ நிறுவனம் மாதந்தோறும் அறிவிக்கும் புரொப்பேன், பியூட்டேன் விலையிலிருந்து தொடங்குகிறது. நாட்டின் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி என்பதால் உள்நாட்டு விலையும் அதையே ஒட்டி நடக்கிறது. அதன்மேல் கப்பல் கூலி, காப்பீடு, துறைமுகக் கட்டணம், நிரப்பும் ஆலைக்கு ஏற்றிச் செல்லும் செலவு, நிரப்பும் செலவு, ஏஜென்சியின் கமிஷன் ஆகியவை ஏறுகின்றன. வீட்டுத் தேவைக்காகப் பொதுத்துறை நிறுவனங்கள் இறக்குமதி செய்யும் எரிவாயுவுக்குச் சுங்க வரி விலக்கு உண்டு. எல்லாம் கூடிய பிறகு கடைசியாக வருவது ஜி.எஸ்.டி.: மத்திய அரசுக்கு 2.5 சதவீதம், மாநில அரசுக்கு 2.5 சதவீதம். 2025 ஏப்ரலில் சென்னையில் வீட்டு சிலிண்டரின் விலை 868 ரூபாய் 50 காசாக இருந்தது. இதில் வரி 41 ரூபாய் 36 காசு. இரண்டு அரசுகளுக்கும் ஆளுக்கு 20 ரூபாய் 68 காசு. ஓட்டலுக்குப் போகும் 19 கிலோ சிலிண்டருக்கு வரி 18 சதவீதம்.

குழாயில் வரும் இயற்கை எரிவாயுவின் கணக்கு இன்னும் சிக்கலானது. காவிரிப் படுகையில் தரைக்கடியிலிருந்து எடுத்தால் கிணற்று முகப்பு விலையில் பத்து சதவீதம் ராயல்டி. நிலத்தில் கிடைத்தால் அது மாநிலத்துக்கு, கடலுக்கடியில் கிடைத்தால் ஒன்றியத்துக்கு. திரவமாக்கிக் கப்பலில் கொண்டுவந்து, 2019இல் திறக்கப்பட்ட எண்ணூர் முனையத்தில் இறக்கினால் 2.5 சதவீத அடிப்படைச் சுங்க வரி. குழாயில் ஓடுவதற்கு, பெட்ரோலிய, இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் நிர்ணயிக்கும் கட்டணம். கடைசியில் மாநிலத்தின் மதிப்புக் கூட்டு வரி. தமிழ்நாட்டில் இது 14.5 சதவீதமாக இருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வாகனங்களுக்கான சி.என்.ஜி.க்கு மத்தியக் கலால் வரி உண்டு, வீட்டுக் குழாய் எரிவாயுவுக்கு இல்லை. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது கச்சா எண்ணெய், பெட்ரோல், டீசல், விமான எரிபொருள், இயற்கை எரிவாயு ஆகிய ஐந்தும் வெளியே நிறுத்தப்பட்டன. இதனால் குழாய் நிறுவனம் தன் கருவிகளுக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யைக் கழித்துக்கொள்ள வழியில்லை. அந்த வரியும் விலைக்குள் கரைந்து, அதன்மேல் மறுபடி வரி விழுகிறது.

பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் 'வரி' என்று ஒரே சொல்லால் அழைத்துவிட்டால் அறக் கேள்வி குழம்பிப்போகும். இவை மூன்று தனித்தனி உறவுகள். ராயல்டி என்பது நிலத்தடிச் செல்வத்துக்கு உரியவர், எடுப்பவரிடம் கேட்கும் விலை. இதுவும் வரிதான் என்று 1989இல் இந்தியா சிமெண்ட்ஸ், தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் சொன்னார்கள். 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஒருவர் மட்டும் மாறுபட, சுரங்கக் கனிமங்கள் பற்றிய வழக்கில் ராயல்டி வரியல்ல என்று அந்தக் கருத்தைத் திருத்தியது. குழாய்க் கட்டணம் செய்த வேலைக்கான கூலி. ஜி.எஸ்.டி. இந்த இரண்டில் எதுவுமல்ல. கைம்மாறாக இன்னது கிடைக்கும் என்ற உறுதி எதுவும் இல்லாமல் அரசு எடுத்துக்கொள்வது.

கட்டணத்துக்கும் வரிக்கும் உள்ள இந்த வேறுபாட்டை இந்தியச் சட்டத்தில் தெளிவாக நிறுவியது ஒரு மடத்தின் வழக்கு என்பது இங்கே நினைவுகூரத் தக்கது. அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த உடுப்பி சிரூர் மடம், 1951ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தை எதிர்த்தது. சமய நிறுவனங்கள் தம் வருமானத்தில் ஐந்து சதவீதத்துக்கு மேற்படாத தொகையை ஆண்டுதோறும் அரசுக்குச் செலுத்த வேண்டும் என்பது அதன் 76ஆம் பிரிவு. 1954இல் உச்ச நீதிமன்றம், செய்யும் சேவையோடு பொருந்தாமல் பொதுக் கருவூலத்தில் கலந்துவிடும் தொகை கட்டணம் ஆகாது, அது வரியே என்று சொல்லி அந்தப் பிரிவைச் செல்லாதாக்கியது. சமய நிறுவனத்திடம் கேட்ட ஐந்து சதவீதத்துக்கு இத்தனை விசாரணை நடந்தது. அடுப்படியில் கேட்கும் ஐந்து சதவீதத்துக்கு அப்படி ஒரு விசாரணை நடந்ததில்லை. நடத்துவதற்கு வேண்டிய அளவுகோல் தமிழ் மரபிலேயே இருக்கிறது.

அரசன் விளைச்சலில் ஆறில் ஒரு பங்கு பெறலாம் என்பது இந்திய மரபு முழுவதற்கும் பொது. காட்டில் கிடைக்கும் தேன், மரம், மூலிகை, கிழங்கு, கனி ஆகியவற்றிலும் ஆறிலொன்று என்கிறது மனுநூல். காளிதாசனின் துஷ்யந்தன் ஒருபடி மேலே போய், வனத்து முனிவர்கள் தம் தவத்திலேயே ஆறிலொன்றை அரசனுக்குத் தருகிறார்கள் என்கிறான். ஏன் ஆறு? ஏழோ பத்தோ ஏன் இல்லை? பெரும்பாலான நூல்கள் இதற்குக் காரணம் சொல்லாமல் கடந்துவிடுகின்றன. திருக்குறளின் இல்வாழ்க்கை அதிகாரத்துக்கு உரை எழுதிய பரிமேலழகர் காரணம் சொல்கிறார். இறந்த முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான் என்ற ஐந்து இடத்துக்கும் இல்லறத்தான் செய்யவேண்டிய கடமை உண்டு. ஐந்துக்கும் ஐந்து பங்கு வேண்டும். அதனால்தான் அரசனுக்குரியது ஆறில் ஒன்றாயிற்று என்பது அவர் விளக்கம்.

உரையாசிரியர் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி போலத் தோன்றும் இது, வரி பற்றிய சிந்தனையைத் தலைகீழாக்குகிறது. நிதிநிலை அறிக்கை எப்போதும் அரசின் செலவில் தொடங்கி, அதற்கு எவ்வளவு திரட்ட வேண்டும் என்று கீழே இறங்கி வரும். பரிமேலழகரின் கணக்கோ வீட்டில் தொடங்குகிறது. வீடு தன் கடமைகளைச் செய்து முடிக்க எவ்வளவு வேண்டும் என்பதை முதலில் ஒதுக்கி, மிச்சத்தை அரசுக்கு விடுகிறது. ஐந்து கடமைகளில் நான்கு அடுப்பைத் தொட்டே நடப்பவை என்பதையும் கவனிக்க வேண்டும். முன்னோருக்குப் படையல், தெய்வத்துக்குப் பொங்கல், விருந்தினருக்குச் சோறு, தன் வயிற்றுக்குக் களி. எஞ்சிய கடமையான சுற்றத்தாரைத் தாங்குவதும் பெரும்பாலும் சாப்பாட்டில்தான் முடிகிறது. இந்தக் கண்கொண்டு பார்த்தால் அடுப்புக்குப் போகும் எரிபொருள் என்பது வரிக்குப் பிந்திய நுகர்வுச் சரக்கு அல்ல. வரி தொடங்குவதற்கு முன்பே ஒதுக்கப்பட வேண்டிய ஐந்து பங்கைச் சேர்ந்தது.

ஆனால் எதிர்த்தரப்பின் வாதமும் வலுவானது. ஆறில் ஒன்று என்பது 16.67 சதவீதம், சிலிண்டர் மீதான வரி ஐந்துதான். எண்ணை மட்டும் ஒப்பிட்டால் இன்றைய அரசு பழைய அரசனைவிட இளகிய மனம் கொண்டது. இந்த ஒப்பீடு மேடையில் எடுபடும், கணக்கில் நிற்காது. ஆறிலொன்று விளைச்சலிலிருந்து எடுக்கப்பட்டது. விளையாத ஆண்டில் எடுக்க ஒன்றுமில்லை. ஜி.எஸ்.டி. நுகர்வின் மீது விழுவது. மழை பொய்த்து, ஜவ்வாது மலையின் சரிவில் சாமை கதிர் வைக்காமல் காய்ந்துபோன ஆண்டிலும் அடுப்பு எரிந்தாக வேண்டும். எரியும்போதெல்லாம் 41 ரூபாயும் சேர்ந்தே எரியும். பழைய முறை 'உன்னிடம் என்ன வந்தது' என்று கேட்டது. இன்றைய முறை 'நீ எவ்வளவு செலவழித்தாய்' என்று கேட்கிறது. வருவாய் இல்லாதவரும் செலவழிக்காமல் இருக்க முடியாத பொருளில் இரண்டாவது கேள்வி கடுமையானது.

சோழர் காலக் கல்வெட்டுகளில் மனையிறை, தறியிறை, செக்கிறை என்று வீட்டையும் தொழிலையும் தொட்ட இறைகள் நிறையவே இருக்கின்றன. பழங்காலம் வரியில்லாத பொற்காலம் என்பது வெறும் கற்பனை. முதலாம் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர் வாங்கினான் என்றால் தவிர்ப்பதற்குச் சுங்கம் இருந்தது என்றுதான் பொருள். மனையிறைக்கு உலகெங்கும் உறவினர் உண்டு. பைசாந்தியப் பேரரசு வீட்டுப் புகைக்கு வரி வாங்கியது. இங்கிலாந்தில் 1662இல் ஓர் அடுப்புக்கு ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங் என்று வரி வந்தது. அடுப்பை எண்ணுவதற்காக அதிகாரி வீட்டுக்குள் நுழைந்ததே மக்களைக் கொதிக்க வைத்து, 1689இல் அது நீக்கப்பட்டது. ஆனாலும் அந்த வெறுக்கப்பட்ட வரியிலும் ஏழைக்கு விலக்கு இருந்தது. அதற்கான சான்றிதழில் ஊர்ப் பாதிரியார் கையெழுத்திடுவார். இன்றைய வரி வீட்டுக்குள் நுழைவதில்லை, விலைக்குள் ஒளிந்து வருகிறது. அதனால் தொந்தரவு குறைவு. முறையிடுவதற்கான இடமும் குறைவு. சமைப்பவர் யார் என்று சிலிண்டர் ரசீதுக்குத் தெரியாது.

உழைப்பைப் பார்த்து வரியைக் குறைக்கும் கொள்கையும் பழைய நூல்களில் உண்டு. இஸ்லாமியச் சட்டத்தில், மழையாலும் ஓடும் நீராலும் விளைந்த பயிருக்கு ஸகாத் பத்தில் ஒன்று. கவலை இறைத்தோ வேறு வகையில் பாடுபட்டோ நீர் பாய்ச்சிய பயிருக்கு இருபதில் ஒன்று. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் கையால் நீர் முகந்து பாய்ச்சுபவரிடம் ஐந்தில் ஒன்று, தோளில் சுமந்து பாய்ச்சுபவரிடம் நான்கில் ஒன்று, பொறியால் பாய்ச்சுபவரிடம் மூன்றில் ஒன்று என்று நீர்ப்பங்கைப் பிரிக்கிறது. சமயமும் நோக்கமும் வேறுவேறு என்றாலும் முடிவு ஒன்று: பெறுவதற்கு அதிகம் பாடுபட்டவர் குறைவாகத் தர வேண்டும்.

மலையில் நடப்பது இதற்கு நேர்மாறு. போளூரிலிருந்தும் ஆலங்காயத்திலிருந்தும் வளைந்து ஏறும் சாலைகள் ஜமுனாமரத்தூர் போன்ற பெரிய ஊர்களைச் சேர்க்கின்றன. சாலையை விட்டு விலகிய குடியிருப்புக்கு, இரும்போடு சேர்த்து ஏறத்தாழ முப்பது கிலோ இருக்கும் சிலிண்டரை இருசக்கர வண்டியின் பின்னால் கட்டியோ தோளில் தூக்கியோதான் கொண்டுபோக வேண்டும். இதன் கூலியும் இழக்கும் அரைநாள் வேலையும் ரசீதில் வராது. ஆனால் வீட்டுக் கணக்கில் ஜி.எஸ்.டி.யைவிடப் பெரிய தொகை அதுதான். இதை அரசு அறியாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் விநியோகஸ்தர் தேர்வு விதிகள் மலை, காடு, பழங்குடிப் பகுதிகளுக்காக 'துர்கம் க்ஷேத்ரிய விதரக்' என்று ஒரு தனி வகை ஏஜென்சியையே உண்டாக்கின. தூரத்தை ஒப்புக்கொண்ட அரசு, வரி விகிதத்தில் மட்டும் மலையையும் மயிலாப்பூரையும் ஒன்றாகவே வைத்திருக்கிறது.

நபிமொழித் தொகுப்புகளில் ஒன்றில் நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் என்ற கருத்து வருகிறது. நெருப்பு என்றதற்கு, எரியும் அடுப்பிலிருந்து தீ எடுத்துக்கொள்வதைத் தடுக்கக் கூடாது என்று சிலரும், பொது நிலத்து விறகைத் தனியார் அடைத்துக்கொள்ளக் கூடாது என்று சிலரும் பொருள் கொண்டனர். எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் இதை நீட்டிப் படிக்கும் இக்கால அறிஞரும் உண்டு. ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினர் காட்டில் சுள்ளி பொறுக்குவதற்கு இத்தகைய உரிமையுணர்வே அடிப்படை. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் அதைச் சலுகையாகச் சுருக்கியது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள்கள் மீதான உரிமையைத் திருப்பித் தர முயன்றது.

விறகுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. மரக்கரிக்கும் இல்லை. வரிப் பட்டியலை மட்டும் பார்க்கும் ஒருவருக்கு, புகையை அரசு விரும்புகிறது, புகையில்லாத நெருப்புக்குத் தண்டம் போடுகிறது என்று தோன்றலாம். அப்படி அல்ல, விறகு பெரும்பாலும் சந்தைக்கே வருவதில்லை என்பதால் அதில் வரி வாங்க முடியாது என்பதே நடைமுறைக் காரணம். ஆனாலும் விறகு இலவசம் என்பது பொய். அதன் விலையைப் பெண்கள் நடையாகவும் சுமையாகவும் கண்ணெரிச்சலாகவும் இருமலாகவும் செலுத்துகிறார்கள். சிலிண்டர் வந்த பிறகும் பல மலை வீடுகளில் காலைத் தேநீருக்கும் குழந்தையின் பாலுக்கும் மட்டும் கேஸ் அடுப்பு. கேழ்வரகுக் களியும் குளிக்க வெந்நீரும் வெளியே மூன்று கல் அடுப்பில். பணத்தை மிச்சம் பிடிக்க உடம்பைச் செலவழிக்கும் ஏற்பாடு இது. எந்தக் கருவூலத்துக்கும் போய்ச் சேராத இந்தச் செலவை எடைபோடாமல் வரியின் அறத்தைப் பேச முடியாது.

அரசு எடுப்பதை மட்டும் பார்த்து, கொடுப்பதை விட்டுவிடுவதும் நேர்மையாகாது. 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் இணைப்புப் பெற்ற வீட்டுக்கு 2022 மே மாதம் முதல் சிலிண்டருக்கு 200 ரூபாய், 2023 அக்டோபர் முதல் 300 ரூபாய் மானியம். எடுப்பது 41, கொடுப்பது 300. விற்பனை விலையை அடக்கி வைத்ததால் ஏற்பட்ட நட்டத்துக்காகப் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு 30,000 கோடி ரூபாய் ஈடு தரவும் 2025 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆக, சிலிண்டர் விலையில் வரிதான் கொள்ளை என்ற பேச்சு உண்மையல்ல. வரியை முழுதும் நீக்கியிருந்தாலும் 2025 ஏப்ரல் விலை 827 ரூபாயில்தான் நின்றிருக்கும்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது: எது முதலில், எது பிறகு என்ற வரிசையில். உஜ்வலா வீடும் வரியோடு சேர்ந்த முழு விலையையும் ஏஜென்சி ஆளின் கையில் கொடுத்த பிறகே 300 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். வாரக் கூலியில் வாழும் வீட்டுக்கு, அந்த விலையில், 568 ரூபாய் 50 காசுக்கும் 868 ரூபாய் 50 காசுக்கும் உள்ள இடைவெளி, சிலிண்டர் வாங்குவதற்கும் வாங்காமல் விடுவதற்கும் உள்ள இடைவெளி. வாங்க முடியாதவருக்கு மானியமும் இல்லை. ஐந்து பங்கை முதலில் ஒதுக்கு என்ற மரபின் வரிசையை இது புரட்டிப்போடுகிறது: முதலில் அரசுக்கு, பிறகு அடுப்புக்கு.

கொடுப்பது உரிமையா, தானமா என்பதும் இங்கே தீராமல் கிடக்கிறது. 2015இல் வசதி உள்ளவர்கள் மானியத்தைத் தாமாக விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அரசு கேட்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் விட்டுக்கொடுத்தன. அறநூல்கள் போற்றும் தானத்துக்கு அது நல்ல எடுத்துக்காட்டு. 2020இல் உலக விலை சரிந்தபோது மற்றவர்களின் மானியம் சுழியானது. விலை மீண்டும் ஏறியபோது அது திரும்பவில்லை. விட்டுக்கொடுத்தவரும் விட்டுக்கொடுக்காதவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். கேட்டுப் பெற்ற தியாகத்தைக் கேட்காத பிடித்தம் பின்தொடர்ந்தால் முன்னதன் மதிப்பு என்னாகும் என்பதை எந்த நிதியமைச்சகமும் கணக்கிடுவதில்லை.

தன் வீட்டைத் தாண்டிப் பிறருக்காக எரியும் அடுப்பின் நிலை இன்னும் விந்தையானது. வடலூரில் 1867 மே 23 அன்று வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்றுவரை அணையாமல் விறகில் எரிகிறது. கோயில்களிலும் மடங்களிலும் அன்னதானம் பெரும்பாலும் எரிவாயுவுக்கு மாறிவிட்டது. பழைய அரசர்கள் நிலத்தை இறையிலியாக்கியபோது இறை மறைந்துவிடவில்லை. கோயிலின் திருவமுதுக்கும் திருவிளக்குக்கும் திருப்பிவிடப்பட்டது. 2018இல் ஒன்றியப் பண்பாட்டு அமைச்சகம் கொண்டுவந்த 'சேவா போஜ்' திட்டம் அதன் தூரத்துப் பேரன் எனலாம். மாதம் குறைந்தது 5,000 பேருக்கு இலவசமாக உணவளிக்கும் சமய, அறநிறுவனங்களுக்கு நெய், சமையல் எண்ணெய், சர்க்கரை அல்லது வெல்லம், அரிசி, மாவு வகைகள், பருப்பு ஆகியவற்றின் மீதான மத்திய ஜி.எஸ்.டி. திருப்பித் தரப்பட்டது. பட்டியலில் எரிபொருள் இல்லை. அரிசி அறம், அதை வேகவைக்கும் நெருப்பு வணிகம் என்று பிரித்ததற்கு எந்தச் சமயத்திலும் ஆதாரம் கிடைக்காது. வீட்டுப் பயனாளி அல்லாதவர்களில் விலக்கு வகையில் சேராதோருக்கான விகிதம் 18 சதவீதம் என்பதால், தனக்குச் சமைப்பவரைவிட ஊருக்குச் சமைப்பவர் அதிக வரி கட்டும் நிலையும் இதனால் உண்டாகலாம்.

இத்தனைக்கும் தீர்வாக வரியை அடியோடு எடுத்துவிடலாம் என்ற யோசனை எளிதாகத் தோன்றும். ஜி.எஸ்.டி.யின் அமைப்பு அதற்கு ஒரு முட்டுக்கட்டை போடுகிறது. விலக்கு பெற்ற பொருளுக்கு உள்ளீட்டு வரிக் கழிவு கிடையாது. நிரப்பும் ஆலை தன் இயந்திரத்துக்கும் போக்குவரத்துக்கும் கட்டிய வரி விலைக்குள்ளேயே தங்கிவிடும். எனவே 41 ரூபாய் போனால் 41 ரூபாய் முழுதாகக் குறையாது. மானியத்தை விற்கும்போதே கழித்துக் கொடுப்பது மரபின் வரிசைக்கு நெருக்கமானது. 2015 ஜனவரியில் நேரடி மானிய முறை நாடு முழுவதும் வரும் வரை அப்படித்தான் இருந்தது. வீட்டு சிலிண்டர்கள் ஓட்டல்களுக்குக் கடத்தப்படுவதைத் தடுக்கவே அது மாற்றப்பட்டது. கடத்தியவர்கள் சமவெளியின் பெரிய ஊர்களில் இருந்தார்கள். அதைத் தடுக்கும் ஏற்பாட்டின் முன்பணத்தை, மூன்று கல் அடுப்பையும் கேஸ் அடுப்பையும் மாறி மாறிப் பற்றவைக்கும் மலை வீடு ஒவ்வொரு புக்கிங்கிலும் தன் கையிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறது.